அச்சில் பிறந்த விளக்கு

உள்ளங்கையில் அடங்கிவிடும் சுடுமண் விளக்கு அது. அதன் மேல்முகத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதை விக்டோரியா கேடயம் ஏந்தி நிற்கிறாள். புத்தாண்டு எனக்கு நலமும் வளமுமாக அமையட்டும் என்று கேடயத்தில் லத்தீனில் எழுதியிருக்கிறது. சுற்றிலும் நாணயங்கள், அத்திப்பழம், பேரீச்சை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்த விளக்கு இது.

இத்தனை நுணுக்கமான சிற்பம் எளியவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அச்சு. குயவர் முதலில் கெட்டியான மாதிரி ஒன்றைச் செய்வார். அதைக் கொண்டு மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று என இரண்டு அச்சுகளைக் களிமண்ணிலோ ஜிப்சத்திலோ எடுப்பார். அவற்றுக்குள் ஈரக் களிமண்ணை விரலால் அழுத்தி, இரு பாதிகளையும் ஒட்டுவார். எண்ணெய்க்கும் திரிக்கும் துளையிட்டு, செம்மண் குழம்பில் தோய்த்துச் சூளையில் சுடுவார். அந்த மேற்பூச்சு எண்ணெய்க் கசிவைக் குறைக்கும்.

படம் இருக்கும் வட்டம் நடுவில் சற்றே குழிந்திருக்கும். ஊற்றும்போது சிந்தும் எண்ணெய் தானாகவே துளைக்குள் வழிந்துவிடும். மூக்கில் செருகிய ஆளிநார்த் திரியின் இழைகளுக்கிடையே எண்ணெய் மேலேறி, சுடரின் வெப்பத்தில் ஆவியாகி எரியும். மத்தியதரைக் கடலோரத்தில் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய். எகிப்தில் ஆமணக்கெண்ணெயும் எரிந்தது.

கடவுளர், கிளாடியேட்டர்கள், தேர்ப்பந்தயம், விலங்குகள் என ரோமானியர் வாழ்வே இந்த வட்டங்களில் இடம்பெற்றது. பிற்காலத்தில் கிறிஸ்துவின் பெயர்க்குறியும் யூதர்களின் ஏழு கிளை விளக்கும் சேர்ந்துகொண்டன.

அச்சு இன்னொன்றுக்கும் வழிவிட்டது. கடையில் வாங்கிய விளக்கையே மாதிரியாக்கி யாரும் புது அச்சு எடுக்கலாம். வட இத்தாலியின் மொடேனாவோடு தொடர்புடைய ‘ஃபோர்டிஸ்’ முத்திரை அடியில் பொறித்த விளக்குகள் பேரரசின் பல மாகாணங்களில் இப்படி நகலெடுக்கப்பட்டன. ஆனால் களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஆகவே நகல் மூலத்தைவிடச் சிறிதாகும். நகலின் நகல் இன்னும் சிறிதாகும், படத்தின் கோடுகளும் மழுங்கும். ஒரே படமுள்ள விளக்குகளை அளந்து ஒப்பிட்டு, எது முந்தியது, எது பிந்தியது என்று தொல்லியலாளர்கள் கணிப்பது இதனால்தான்.

அப்படிச் சிறுத்து, முகம் தேய்ந்துபோன விக்டோரியாவையும் யாரோ காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். அவள் சுமந்த வாழ்த்து மட்டும் சுருங்கவில்லை.