அஞ்சல் தலையின் மதிப்பு

பழைய அஞ்சல் தலை என்றாலே பெரும்பொருள் தரும் என்று எண்ணுவோர் பலர். ஆனால், ஆண்டு மிகுதியால் மட்டும் ஒரு தலை மதிப்புப் பெறுவதில்லை. உலகின் முதல் அஞ்சல் தலையாகிய கறுப்புப் பென்னி, 1840 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அது ஆறு கோடியே எண்பது இலட்சத்திற்குக் குறையாமல் அச்சிடப்பட்டமையால், இன்றும் அரிய பொருளன்று. அதற்குப் பதினாறு ஆண்டு இளையதான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சதத் தலையோ, ஐயமற ஏற்கப்பட்டது ஒன்றே உளது. 2021 இல் அது நியூயார்க் ஏலத்தில் 83 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. எனவே அருமையும், விரும்புவோர் தொகையுமே விலைக்கு அடிப்படை எனலாம்.

உண்மையா, போலியா என்பது அடுத்த கேள்வி. 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச் 16 இல் அஞ்சல் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய நீரிணைக் குடியேற்றத் தலைகளின் மேலேயே இராணுவ நிர்வாகத்தின் முத்திரையைக் குத்தி விற்றனர். முத்திரையற்ற தலை சில காசு பெறும்; முத்திரை பெற்றதோ அதனினும் பன்மடங்கு பெறுவதுண்டு. ஆதலின் போலி முத்திரைகளும் பெருகின. அஞ்சலக நாள் முத்திரை இராணுவ முத்திரைக்கு மேலே விழுந்திருத்தல் வேண்டும். அதற்கு அடியில் காணப்பட்டாலோ, 1942க்கு முந்திய நாளைக் காட்டினாலோ, அதனை ஐயுறுதல் தகும். விலையுயர்ந்தவற்றிற்கு வல்லுநரின் சான்று இன்றியமையாதது.

தலையே இல்லாத அஞ்சலும் மதிப்புப் பெறுவதைச் சாங்கியில் காணலாம். அக்காலத்தில் போர்க் கைதிகள் செலாராங் பாசறையிலும், ஐரோப்பியப் பொதுமக்கள் சாங்கிச் சிறையிலும் அடைக்கப்பட்டனர். வீட்டிற்கு அவர்கள் எழுத இசைவு பெற்றது எப்போதோ ஓர் அட்டை. அதில் அளவிட்ட சில சொற்கள். கைதிகளின் அஞ்சலுக்குக் கட்டணம் இல்லையாதலால் அதில் தலை ஒட்டப்படவில்லை. தணிக்கை முத்திரையும், முகவரியும், நாளுமே அதன் சான்றுகள். தலை இல்லையே என்று அதனை எறிவோர், தலையினும் அரியதொன்றை இழப்பர்.

இதனால் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. பழைய உறையிலுள்ள தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்தல் ஆகாது. எங்கிருந்து, எப்போது, யாருக்குச் சென்றது என்பதை உரைப்பது உறையேயன்றோ? தனித்த தலைகளாயின் கிழிசல், கறை, பின்புறப் பசை, ஓரத்துளைகள் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். ஒரே படமுடைய தலைகளும் நீர்க்குறியால் வேறுபடக்கூடும்.

பின்னரே விலைப்பட்டியலைப் பார்க்கலாம். ஆங்கே காணப்படுவது, நன்னிலையிலுள்ள தலையை வணிகர் விற்கும் விலை. அவர் வாங்கும் விலையன்று. கைக்கு வருவது பெரும்பாலும் அதனினும் குறைவே. அண்மைய ஏலங்களில் கிடைத்த தொகையே நம்பத்தக்க அளவுகோல்.

ஆயினும், சாங்கியிலிருந்து வந்த அட்டையை வைத்திருக்கும் குடும்பத்திற்கு, அதனை எழுதியவர் அன்று உயிரோடிருந்தார் என்னும் செய்தியே அதன் முதல் மதிப்பு. அதற்கு எந்தப் பட்டியலிலும் விலை இல்லை.