சரக்கொன்றையும் அந்நியக் கொன்றையும்

சித்திரையில் பொற்சரங்களைத் தொங்கவிட்டு நிற்கும் சரக்கொன்றையை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் முதுமலையிலிருந்து பந்திப்பூர், வயநாடு வரை தொடர்ந்து கிடக்கும் வனப் பிரதேசத்தில், மழை மாதங்களை ஒட்டி அதே மஞ்சள் வர்ணத்தில் புஷ்பிக்கும் மற்றொரு விருட்சம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்டு, இன்று மான்களும் யானைகளும் மேய வேண்டிய புல்லைத் தன் அடர்ந்த நிழலால் அழித்து வருகிறது என்பதை அறிந்தவர் சிலரே. மஞ்சக்கொன்றை என்று வழங்கும் இம்மரத்தின் சாஸ்திரப் பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ்.

இதனைக் கண்டறியத் தொண்டர்களைப் பழக்குவோர், அந்நிய மரத்தைக் காட்டுவதற்கு முன் நம் மரத்தையே முதலில் காட்ட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் உற்சாகம் மிகுந்து ஞானம் குறைந்த தொண்டர் சரக்கொன்றையின் மீதே கோடரி வைக்கக் காரணமாகிவிடக் கூடும். சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். மஞ்சக்கொன்றையின் கொத்தோ கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். முன்னதன் இலையில் அகன்ற சிற்றிலைகள் சில ஜோடிகளே இருக்க, பின்னதில் சிறுத்து நீண்டவை பத்து, பதினைந்து ஜோடிகள் வரை அமைந்திருக்கும். பூவில்லாத காலத்திலும் இலையைக் கொண்டே நிச்சயிக்கக் கற்றவரே பயிற்சி முடித்தவர். இவ்விஷயத்தில், காட்டிலேயே பிறந்து வளர்ந்த இருளரும் குறும்பரும் உடன் நடந்து சொல்லித் தருவதற்கு ஈடான பாடப்புத்தகம் கிடையாது.

கண்டபின் செய்ய வேண்டியது பிடுங்குவதன்று, தெரிவிப்பது. இலை, பூ, காய், பட்டை ஆகியவற்றைத் தனித்தனியே படம் எடுத்து, இடத்தையும் தேதியையும், காய் முற்றியுள்ளதா என்பதையும் குறித்து, வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இம்மரத்தை வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளம்பி, ஒன்று பலவாகிவிடும். ஆகவேதான் கன்றுகளை வேரோடு பிடுங்குவதும், பெரிய மரங்களின் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடியே காயவைப்பதும் வழக்கத்தில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் அலங்காரமாக வைத்த உண்ணிச்செடி இன்று தேசமெங்கும் காடுகளை மூடியிருப்பதைக் காணும்போது, ஒரு பள்ளத்தாக்கில் முதன்முதலாகத் தென்படும் ஒற்றைக் கன்றைப் பற்றிய அறிவிப்பு எத்தனை விலைமதிப்புள்ளது என்பது விளங்கும்.

அகற்றிய மரங்கள் காகிதக்கூழுக்குப் பயன்பட்டு வருகின்றன; அது நன்றே. ஆயினும் மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்த மழையில் முளைக்கும். எனவே, அகற்றிய இடத்துக்கே வருஷந்தோறும் வனத்துறையின் அனுமதியோடு திரும்பிச் சென்று, முளைத்த கன்றுகளை எண்ணிப் பதிவு செய்யும் பொறுமையுள்ளவர்களே இப்போது அதிகமாகத் தேவைப்படுகிறார்கள்.