நூற்றுக்கு மூன்றரை வட்டி



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து பிழைப்பிற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்திருக்கும் உங்களுக்குப் 'பிளேடு' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் என்று வட்டி வாங்கும் அந்த வாசற்படியை மிதிக்காதே என்று எச்சரித்தே பெற்றோர் பலர் பிள்ளைகளை ஊரிலிருந்து அனுப்பினர். இவர்களை ஒடுக்கவே 2014 மே மாதத்தில் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் மாநிலமெங்கும் சோதனை நடத்தியது.

ஆனால் நகரத்தில் நம் சட்டைப்பையில் இருக்கும் கிரெடிட் கார்டின் வட்டி என்ன? பல கார்டுகளில் அது மாதத்திற்கு மூன்றரை சதவீதம். ஊர்க்கணக்கில் நூற்றுக்கு மூன்றரை ரூபாய், ஆண்டிற்கு 42. அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. பிளேடுக்காரரைக் கண்டால் ஒதுங்கிப்போகிற நாம், ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததால் இதற்குக் கையெழுத்திட்டுவிட்டோம். 30 சதவீதத்திற்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது உண்மையே. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகையால் அந்தப் பக்கமிருந்து உதவி வருமென்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பாக்கி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 2,100, வரி 378, ஆக 2,478. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று 3,000 ரூபாய் காட்டியிருப்பார்கள். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்குகிறீர்கள். கடனில் குறைந்ததோ 522 ரூபாய் மாத்திரமே! புதிதாக ஒன்றும் வாங்காமல், மாதந்தோறும் 3,000 கட்டினாலும் தீர 44 மாதங்கள் ஆகும். ஏறக்குறைய 1,30,000 ரூபாய் கட்டி முடித்திருப்பீர்கள். அதையே 5,500 ஆக உயர்த்தினால் 15 மாதங்களில் தீரும். மொத்தம் சுமார் 81,500. பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் இல்லை என்பதைப் பலர் அறியார். இன்று வாங்கும் அரிசிக்கு இன்றிலிருந்தே வட்டி.

குறைந்த வட்டிக் கடன் வாங்கி இதை அடைப்பது நல்ல வழி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் கிடைத்தால், அதே 5,500 வீதம் 12 மாதங்களில் முடியும்; மொத்தச் செலவு 64,000-ஐத் தாண்டாது. ஊரில் மற்றவர்கள் உடனே நகையைக் கொண்டு கூட்டுறவு வங்கிக்குப் போவார்கள். ஆபரணம் அணியாத நம் வீடுகளில் பலருக்கு அந்த வழி இல்லை. இதற்காக அண்ணியின் வளையலைக் கேட்டுப் போய் நிற்கவும் வேண்டாம். எல்.ஐ.சி. பாலிசி, நிரந்தர வைப்புத்தொகை, கே.எஸ்.எஃப்.இ. சிட்டி இவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றின்மேல் கடன் பெற இடமுண்டு. ஐந்து சென்ட் வீட்டுமனைப் பத்திரத்தை மட்டும் இந்தக் கடனுக்காக வெளியே எடுக்காதீர்கள்.

கடன்பட்ட விதவை எலிசாவிடம் வந்தபோது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதையே அவர் முதலில் விசாரித்தார். நாமோ 'கடன் தீர ஜெபியுங்கள்' என்று எழுதிக்கொடுக்கிறோம். எவ்வளவு கடன், என்ன வட்டி என்பது கூடவே இருக்கும் மனைவிக்கும் தெரியாது. பில்லை இன்றிரவே அவர்களிடம் காட்டிவிடுங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் 3,000-ஐ 5,500 ஆக்கும் வழி புலப்படும்.

தவணை தவறியவர்களின் பெரிய பயம், ஊரில் தாயாருக்குத் தொலைபேசி வந்துவிடுமோ என்பதே. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கலாகாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யலாகாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. மீறினால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தக்க பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கையெழுத்திடாத தாயார் உங்கள் கடனுக்குப் பொறுப்பாளியும் அல்லர். 'பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்' என்று அழைத்தால் யோசியுங்கள். அது சிபில் பதிவில் 'செட்டில்டு' என்று நிற்கும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது தடையாகும்.

கடன் முழுவதும் அடைந்தபின் கார்டைக் கத்தரியால் வெட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். வெட்டிய கார்டின் கணக்கு திறந்தே இருக்கும். ஆண்டுக் கட்டணமும் ஏறலாம். மூடும்படி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கணக்கை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022-இல் வந்த விதி. பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.