மானாவாரிச் சீமையின் உணவும் நீரிழிவும்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பாகத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் அமைந்துள்ளன. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழையே பெறும் நிலம் இது. அம்மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொணர்வதாகும். திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் மணற்பரப்பாகவே கிடக்கிறது. கண்மாய் நிறைந்த இடங்களில் நெல் விளைந்தது. கண்மாய் நீர் எட்டாத கரிசலிலும் செவலிலும் கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு ஆகியவையும், உளுந்து, பாசிப்பயறு முதலியவையும் மானாவாரியாக விளைந்தன. கம்மஞ்சோறும் சோளச்சோறும் அன்றாட உணவாகவும், நெல்லுச்சோறு பெருநாளுக்கும் விருந்துக்கும் உரியதாகவும் இருந்த காலத்தை நினைவுகூரும் முதியோர் இவ்வூர்களில் இன்றும் உள்ளனர்.

அந்நிலை மாறிவிட்டது. பாசன நெல் பெருகியதும், அரைவை ஆலைகள் வந்ததும், நியாயவிலைக் கடைகள் பரவியதும் வெள்ளை அரிசியை எல்லோர் வீட்டிற்கும் கொண்டு சேர்த்தன. 2011 ஜூன் முதல் தமிழக அரசு அதனை விலையின்றியே வழங்கி வருகிறது. வறட்சி கண்ட நிலத்தில் பசியைத் தணித்த இம்மாற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் பசி நீங்கிய இல்லங்களில் வேறொரு துன்பம் குடியேறியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முதற்கட்ட முடிவு 2011இல் வெளிவந்தது. தமிழகத்தில் வயது வந்தோருள் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக அது கண்டது. நகரங்களில் 13.7, கிராமங்களில் 7.8 விழுக்காடு. 2023இல் வெளியான முழுமையான முடிவின்படி நாடெங்கும் ஏறத்தாழ 10 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர்.

இந்நிலையில், "நம் முன்னோரின் தானியத்திற்குத் திரும்பினால் போதும், சர்க்கரை நோய் அகன்றுவிடும்" என்றொரு கருத்து மேடைகளிலும் கடைத்தெருவிலும் வலுவாக ஒலிக்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. எஞ்சிய பாதியை அறியாமையால் மருந்தை நிறுத்தியும் உணவை மிகுத்தும் கண்ணொளியையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் இழக்கும் நிலைக்கு ஒருவர் ஆளாகக்கூடும். ஆகவே எந்த உணவு குருதியில் என்ன செய்கிறது என்பதை இங்கே நிதானமாக ஆராய முற்படுகிறோம்.

முன்னோர் அறிந்ததும் அறியாததும்

இந்நோய் புதியதன்று. சிறுநீரில் இனிப்பு இருப்பதை உணர்ந்த இந்திய மருத்துவர்கள் இதனை மதுமேகம் என்றனர். இப்னு சீனா (980-1037) தமது 'அல்-கானூன்' நூலில் இதனை விவரித்துள்ளார். பக்தாதின் அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162-1231) இந்நோய்க்கென்றே தனி நூலொன்று இயற்றினார். தணியாத தாகம், மிகுதியாகக் கழியும் சிறுநீர், மெலியும் உடல் ஆகியவற்றை அவர்கள் நன்கு கண்டிருந்தனர். ஆனால் ஒரு கவளம் சோறும் ஒரு கைப்பிடி சுண்டலும் குருதியில் எழுப்பும் சர்க்கரையை எண்ணால் அளந்து ஒப்பிடும் வழி அவர்களுக்கு இல்லை. அது நம் காலத்தில்தான் கிட்டியது.

மாச்சத்து என்பது குளுக்கோஸ் துகள்கள் கோத்த நீண்ட சங்கிலி. குடலில் அச்சங்கிலி அறுபட்டுக் குளுக்கோஸ் குருதியில் கலக்கிறது. அதனை உடலின் அணுக்களுக்குள் செலுத்தும் திறவுகோல், கணையம் சுரக்கும் இன்சுலின் ஆகும். நீரிழிவாளரிடம் இன்சுலின் குறைவாகச் சுரக்கிறது, அல்லது சுரந்தும் செயல் குன்றுகிறது. எனவே குளுக்கோஸ் எவ்வளவு வருகிறது என்பதோடு, எவ்வளவு விரைவாக வருகிறது என்பதும் அவருக்கு இன்றியமையாத வினாவாகிறது.

இவ்விரைவை அளக்கும் முறையைக் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்டனர். 50 கிராம் மாச்சத்து உள்ள அளவு உணவை ஒருவருக்கு அளித்து, அடுத்த இரண்டு மணி நேரம் அவருடைய குருதிச் சர்க்கரை உயர்ந்து தாழ்வதைப் பதிவு செய்கின்றனர். அதே அளவு தூய குளுக்கோஸ் எழுப்பும் உயர்வை 100 எனக் கொண்டு இதனை ஒப்பிடுகின்றனர். கிடைப்பதே கிளைசீமிக் இன்டெக்ஸ். நாம் அதனைச் சர்க்கரைக் குறியீட்டெண் எனலாம். 55 வரை தாழ்ந்தது, 56 முதல் 69 வரை இடைப்பட்டது, 70உம் அதற்கு மேலும் உயர்ந்தது எனப் பகுக்கப்படுகிறது.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ரிசாட் நிறுவனத்தின் தலைமையில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான கட்டுரை, சிறுதானியங்களின் சராசரிக் குறியீட்டெண் 52.7 என்றும், தீட்டிய அரிசிக்கு ஏறத்தாழ 72 என்றும் கண்டது. குதிரைவாலியைப் பொறுத்தவரை, கர்நாடகத்தின் தார்வாடில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு உமி நீக்கிய தானியத்திற்கு 50 என்றும், அதனை வெப்பத்தால் பதப்படுத்தியபோது 41.7 என்றும் குறித்தது. முன்னோரின் தானியம் நன்று என்ற கூற்றின் உண்மைப் பகுதி இதுவே.

தானியம் ஒன்று, உணவு பல

இனி எஞ்சிய பகுதிக்கு வருவோம். கேழ்வரகு நீரிழிவாளருக்கு உகந்தது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தோல் நீக்கிய கேழ்வரகைக் கொண்டு செய்த உணவின் குறியீட்டெண் 90ஐத் தாண்டியது. அதே ஆய்வில் கோதுமையை அடிப்படையாகக் கொண்ட உணவு 55 அளவில் நின்றது. தானியத்தின் பெயர் மட்டுமே நம்மைக் காப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காரணம் எளிது. தவிடும் தோலும் இருக்கும்வரை செரிமான நீர் மாச்சத்தை மெல்லவே அணுகுகிறது. தோலை நீக்கினால் அக்காவல் போய்விடுகிறது. மாவாக்கினால் அணுகும் பரப்பு பன்மடங்காகிறது. குழையக் குழையக் கொதிக்க வைத்தால் மாச்சத்து நீரேறி விரிந்து, எளிதில் அறுபடுகிறது. முழுத் தானியச் சோறு, ரவை, மாவு, கூழ் என்று போகப் போகச் சர்க்கரை ஏறும் விரைவும் பொதுவாகக் கூடுகிறது. இன்று கடைகளில் பளிச்சென்று தீட்டி விற்கப்படும் குதிரைவாலியையும், உடனடிச் சத்துமாவுக் கஞ்சியையும் இந்த அறிவோடுதான் நாம் நோக்க வேண்டும்.

மானாவாரிச் சீமையின் பழைய உணவை இவ்வறிவோடு மீண்டும் காண்போம். கம்பை உரலில் இடித்தபோது தவிடு முழுதும் நீங்கவில்லை. சமைத்த கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்து, நீரிலிட்டு, மறுநாள் உண்டனர். சமைத்து ஆறிய சோற்றில் மாச்சத்தின் ஒரு சிறு பகுதி மீண்டும் இறுகி, செரிமானத்திற்கு எளிதில் இடங்கொடாத வடிவம் பெறுகிறது. அதனுடன் மோரும் சின்ன வெங்காயமும் பருப்புத் துவையலும் காய்வதக்கலும் சேர்ந்தன. புரதமும் கொழுப்பும் நார்ச்சத்தும் உணவு இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துபவை. உண்ட பின்னர் பருத்திக் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் மணிக்கணக்கான உழைப்பு இருந்தது. உழைக்கும் தசை குருதியிலுள்ள குளுக்கோஸைத் தானே ஈர்த்துக் கொள்கிறது. ஆக, அம்மக்களைக் காத்தது கம்பு மட்டுமன்று. கம்பு இடம்பெற்றிருந்த முழு வாழ்முறையாகும். அதிலிருந்து தானியத்தை மட்டும் பிரித்தெடுத்து, இருந்த இடத்திலிருந்தே உண்டு, அதே பயனை எதிர்பார்ப்பது பொருந்தாது.

உண்ணும் வரிசைக்கும் இதில் பங்குண்டு. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்து 2015இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடைய 11 பேர் ஒரே உணவை இரு வரிசைகளில் உண்டனர். காயையும் இறைச்சியையும் முதலில் உண்டு மாச்சத்தைப் பின்னர் உண்டபோது, ஒரு மணி நேரம் கழித்து அளந்த சர்க்கரை ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்திருந்தது. உணவு மாறவில்லை, வரிசை மட்டுமே மாறியது.

அளவெனும் அடிப்படை

குறியீட்டெண் விரைவைக் கூறுமேயன்றி அளவைக் கூறாது. இரண்டையும் சேர்த்துக் கணிக்க, உணவிலுள்ள மாச்சத்தின் எடையைக் குறியீட்டெண்ணால் பெருக்கி நூறால் வகுக்கின்றனர். இதனைச் சர்க்கரைச் சுமை எனலாம். 50 கிராம் அரிசியில் ஏறத்தாழ 39 கிராம் மாச்சத்து உண்டு. குறியீட்டெண் 72 எனில் சுமை 28. 'நல்ல தானியந்தானே' என்று 100 கிராம் குதிரைவாலியைச் சமைத்து உண்டால், அதிலுள்ள மாச்சத்து 65 கிராம். குறியீட்டெண் 50 எனினும் சுமை 32ஐத் தாண்டுகிறது. நற்பெயர் பெற்ற தானியத்தை இரு மடங்கு உண்டவர், அரிசியை அளவோடு உண்டவரைவிட மிகுந்த சுமையை ஏற்றிக் கொள்கிறார்.

மேற்சொன்ன நாடு தழுவிய ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025இல் வெளியானது. இந்தியர் தம் உணவு ஆற்றலில் 62 விழுக்காட்டை மாச்சத்திலிருந்தே பெறுகின்றனர் என்று அது கூறுகிறது. தீட்டிய தானியத்திற்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்து, மொத்த மாச்சத்தைக் குறைக்காமல் விட்டால், நோயின் வாய்ப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதன் முடிவாகும். மாச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால், மீன், முட்டை ஆகியவற்றின் புரதத்தால் ஈடு செய்வதோடுதான் நற்பயன் தொடர்பு கொண்டிருந்தது.

இச்சீமையின் வேறிரண்டு பொருள்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று கருப்பட்டி. சீனிக்கு மாற்றாக நீரிழிவாளர் பலர் இதனைத் தயக்கமின்றிச் சேர்க்கின்றனர். கருப்பட்டியில் தாதுச்சத்துகள் சிறிதளவு உண்டாயினும் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சர்க்கரையே. மற்றொன்று மழைக்குப் பின் கரிசலில் தானே முளைத்து, அருப்புக்கோட்டைச் சந்தைக்கு வரும் அதலைக்காய். பாகலின் இனமான இதன் கசப்பு நோயைத் தீர்க்கும் என்பர். எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் சர்க்கரை குறைந்ததுண்டு. அதனைக் கொண்டு மனிதர் மருந்தை நிறுத்துவது பேராபத்து. மாச்சத்துக் குறைந்த நல்ல காய் என்ற தகுதியிலேயே அதலைக்காய் நம் தட்டில் தாராளமாக இடம்பெறலாம்.

நோன்பு திறக்கும் நேரம்

நம் சமூகத்தில் இவ்வறிவு மிகவும் தேவைப்படும் வேளை ரமலான். 13 நாடுகளில் 12,243 நீரிழிவாளரிடம் 2001இல் நடத்தப்பட்ட 'எபிடியார்' ஆய்வு, இரண்டாம் வகை நோயாளருள் 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றனர் என்று கண்டது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்த நிகழ்வு அவர்களிடம் ஏனைய மாதங்களைவிட 7.5 மடங்காயிற்று, கடுமையாக உயர்ந்த நிகழ்வோ 5 மடங்காயிற்று. பகலின் பட்டினி ஒன்றுக்கும், மாலையின் விருந்து மற்றொன்றுக்கும் காரணமாகக் கூடும்.

நம் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பார்ப்போம். பச்சரிசிக் குறுணையைக் குழைய வேகவைத்துச் செய்யப்படுவது அது. தானியத்தின் வடிவம் பற்றி மேலே கண்ட அனைத்தும் அதற்குப் பொருந்தும். பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால் ஆகியவை அவ்விரைவைச் சற்றே தணிக்கின்றன. அதில் சேரும் வெந்தயத்தின் குணத்தை ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990ஐ ஒட்டி ஆராய்ந்து உறுதி செய்துள்ளது. ஆனால் அங்கே அளிக்கப்பட்டது நாளொன்றுக்கு 25 முதல் 100 கிராம் வரையிலான வெந்தயம். கஞ்சியிலிடும் சிறு கரண்டி அப்பணியைச் செய்யாது. அக்கஞ்சியோடு சர்பத்தும் வடையும் சமோசாவும் சேரும்போது சுமை பன்மடங்காகிறது.

கஞ்சியை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வீட்டில் காய்ச்சுவோர் அரிசியைப் பாதியாக்கி, முழுப் பாசிப்பயறும் இறைச்சியும் கூட்டலாம். ஒரு பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பு திறந்து, கொண்டைக்கடலைச் சுண்டலை முதலில் உண்டு, பின்னர் ஒரு சிறு கிண்ணம் கஞ்சி அருந்தலாம். அமீரகத்தில் ஐந்து வகைப் பேரீச்சையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டோர், நீரிழிவாளரிடம் அவற்றின் குறியீட்டெண் 43 முதல் 53 வரை எனக் கண்டனர். எனினும் அளவு கூடினால் சுமையும் கூடும். ஒற்றைப்படையாக உண்ணும் வழக்கமுள்ளோருக்கு, ஒன்றும் ஒற்றைப்படையே. சஹர் உணவை இயன்றவரை பிந்தி, மெல்லச் செரிக்கும் முழுத் தானியமும் பயறும் முட்டையுமாக அமைத்துக் கொள்வது நன்று.

நோன்பின்போது சர்க்கரை 70 மில்லிகிராமுக்குத் தாழ்ந்தாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். தாழ்ந்தவருக்கு அந்நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த நீரே மருந்து, கம்மங்கூழ் அன்று. விரைந்து ஏறும் தன்மையே அங்கு உயிர் காக்கிறது. விரலில் ஒரு துளி குருதி எடுத்துச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. நோயுற்றோருக்கு அல்-பகரா அத்தியாயம் வழங்கும் சலுகை இறைவனின் அருட்கொடை. அதனை ஏற்பதில் இழுக்கு ஏதுமில்லை. நோன்பு நோற்க விழைவோர் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையோ கொள்பவர், ரமலான் அல்லாத நாட்களிலும் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கலாகாது.

இறுதியாக ஒன்று. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் 800 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே உணவு வெவ்வேறு மனிதரிடம் வெவ்வேறு அளவில் சர்க்கரையை உயர்த்துவதைக் காட்டியது. ஆகவே அட்டவணையிலுள்ள எண் வழிகாட்டியே; தீர்ப்பன்று. உண்ணுமுன் ஒரு முறையும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளந்து குறித்து வைப்பவர், தம் உடலின் இயல்பைத் தாமே அறிவார். பொதுவாகப் பலருக்கும் உணவுக்குப் பின் 180ஐத் தாண்டாதிருப்பது இலக்கு. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ மீனோ இறைச்சியோ, எஞ்சிய கால் பங்கு மட்டுமே சோறு. அச்சோறு கம்பாயினும் குதிரைவாலியாயினும் அரிசியாயினும் இவ்வளவு மாறாது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என நம்புகிறோம். அதனைப் பேணும் கடமை, அடுத்த வேளைக்கு உலையில் இடும் தானியத்தை அளந்து எடுப்பதிலிருந்தே தொடங்கட்டும்.