விசையா, வலுவா, பலவந்தமா?

ஆங்கிலத்திலே 'ஃபோர்ஸ்' என்றொரு சொல் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் இதனைப் பௌதிகவியற் பாடத்தில் முதலிற் சந்திக்கின்றனர். பின்னர் செய்தித்தாளிலும் சட்டப் புத்தகத்திலும் வானிலை அறிவிப்பிலும் அதே சொல் வேறு வேறு வேடம் புனைந்து வந்து அவர்களைத் திகைக்க வைக்கின்றது. அகராதியைப் புரட்டினால் வலிமை, விசை, படை, பலவந்தம் என ஒரு பட்டியல் கிடைக்கும். பட்டியலால் மட்டும் ஒரு சொல் விளங்கிவிடுமா? ஆகவே நேயர்களை நாம் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். இச்சொல்லின் பொருள்களிற் பல அங்கே கண்ணுக்குத் தெரியும்படி நிற்கின்றன.

ஒரு புறம் களப்பும் மறு புறம் கடலுமாக வடக்கு நோக்கி நீண்டு கிடக்கின்றது கற்பிட்டிக் குடாநாடு. வைகாசி பிறந்துவிட்டால் சோளகக் காற்று அங்கே ஓயாது வீசும். மாம்புரிக் கரையிலே 2010 ஆம் ஆண்டில் காற்றாலைகளை நிறுவியது இக்காற்றை நம்பித்தான். காற்றை அளக்கவும் ஆங்கிலேயர் 'ஃபோர்ஸ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். பிரித்தானியக் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் போஃபர்ட் என்பவர் 1805 ஆம் ஆண்டில் காற்றின் கடுமையை 0 முதல் 12 வரை படிகளாக வகுத்தார். அவர் வகுத்த ஆறாம் படிக் காற்று, இன்றைய கணக்கின்படி மணிக்கு 39 முதல் 49 கிலோமீற்றர் வேகத்தில் வீசுவதாகும். ஆங்கில மாலுமி இதனை 'ஃபோர்ஸ் ஆறு' என்பான். தமிழிலே 'ஆறாம் விசை' என்று எவரும் சொல்வதில்லை. 'காற்றுக் கடுமை' என்றாலே கரையிலுள்ளோர்க்குப் போதும்.

அக்கரையிலுள்ள பள்ளிக்கூடத்திலோ கதை வேறு. இலங்கைப் பாடநூல்களில் ஃபோர்ஸ் என்பது 'விசை'. பவர் என்பது 'வலு'. எனர்ஜி என்பது 'சக்தி'. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ பவர் 'திறன்' ஆகவும், எனர்ஜி 'ஆற்றல்' ஆகவும் மாறிவிடுகின்றன. விசை ஒன்றுதான் இரு கரைக்கும் பொது. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இயந்திரம் பூட்டிய படகைத் தமிழ்நாட்டார் 'விசைப்படகு' என்கின்றனர். பாடநூற் கணக்குப்படி அது வலுப்படகாக அன்றோ இருத்தல் வேண்டும்! வழக்கிலுள்ள மொழி பாடநூலைக் கேட்டு நடப்பதில்லை.

கற்பிட்டியிலே ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டை ஒன்று உண்டு. கோட்டையைக் குறிக்கும் ஃபோர்ட் என்ற சொல்லும் ஃபோர்ஸ் என்ற சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 'வலிய' எனப் பொருள்படும் 'ஃபோர்ட்டிஸ்' என்னும் இலத்தீன் சொல்லே அந்தத் தாய். முயற்சியைக் குறிக்கும் எஃபர்ட், ஆறுதலைக் குறிக்கும் கம்ஃபர்ட் ஆகியனவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆறுதல் என்பது மற்றொருவருக்கு வலிமை ஊட்டுவதே எனக் கருதினர் போலும். கோட்டை நிற்கும் ஊரிலே கடற்படையும் உண்டு. அங்கே ஃபோர்ஸ் என்றால் படை.

ஒரு சட்டம் 'ஃபோர்சுக்கு வருகிறது' என்றால் என்ன? அச்சட்டம் அமுலுக்கு வருகிறது என்போம். அமுல் என்பது 'செயல்' எனப் பொருள்படும் அறபுச் சொல்லிலிருந்து வந்தது. புத்தளத்து முஸ்லிம் இல்லங்களிலே தொழுகை, தருமம் முதலிய நற்செயல்களை 'அமல்' என்று வழங்குவர். வர்த்தமானிப் பத்திரிகையிலும் பள்ளிவாசலிலும் ஒரே சொல் இரு கோலத்தில் நிற்கின்றது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஃபோர்ஸ் என்பதற்கு ஓர் இலக்கணம் தருகின்றது. ஒருவர் இன்னொருவரை அசையச் செய்தாலோ, அவரது அசைவை மாற்றினாலோ, நிறுத்தினாலோ அது ஃபோர்ஸ் என்பது அதன் சாரம். 1687 இல் நூல் வெளியிட்ட நியூற்றன் பொருள்களைப் பற்றிச் சொன்னதையே சட்ட அறிஞர்கள் மனிதரைப் பற்றியும் சொல்லிவிட்டனர் எனலாம். நிலையாய் இருந்த ஒன்று தானாக நகராது. நகர்ந்ததாயின், நகர்த்திய கை ஒன்று உண்டு.

இந்த இலக்கணத்தை மனத்திற் கொண்டு 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை நினைத்துப் பார்ப்போம். அம்மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். யாழ்ப்பாணத்திலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். வீடிழந்தோர் தொகை 70,000 க்கும் மேல். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே ஓலைக் குடிசைகளில் ஒதுங்கி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர்.

இம்மக்களை ஆங்கில அறிக்கைகள் குறிக்கும்போது ஃபோர்ஸ் என்ற சொல் ஏதேனும் ஓர் உருவில் வந்து நிற்கும். தமிழிலோ நாம் அவர்களை 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். இங்கேதான் இலக்கணத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். மரம் பெயர்ந்தது என்பது தன்வினை; காற்று மரத்தைப் பெயர்த்தது என்பது பிறவினை. மெல்லின 'ந்' இருந்த இடத்தில் வல்லின 'த்' வந்தவுடன், செய்தவன் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். ஆங்கிலம் தனிச்சொல் இட்டுக் காட்டும் ஃபோர்சைத் தமிழ் ஓர் எழுத்திலே வைத்திருக்கின்றது. இடம்பெயர்ந்தோர் என்று எழுதும்போது அந்த எழுத்து நழுவிவிடுகின்றது. பறவைகள் பருவந்தோறும் போவதுபோல இவர்களும் போனார்கள் என்ற தோற்றம் உண்டாகின்றது. 'ஊரைவிட்டுப் போக நேர்ந்தது' என்று எழுதுவதும் அப்படியே. நேர்ந்தது என்பதில் நேரச் செய்தவர் எங்கே?

எழுதுவோர் இதனை வேண்டுமென்றே செய்கின்றனர் என்று நாம் கூறவரவில்லை. வெள்ளத்துக்கும் போருக்கும் அஞ்சி ஓடியவர், விரட்டப்பட்டவர் யாவரையும் ஒரே பத்தியில் அடக்க அச்சொல் வசதியாயிருக்கின்றது. ஆயினும் அதனை அம்மக்கள் பலர் விரும்புவதில்லை. ஒக்டோபர் மாதத்திலே தம் நினைவு நாளை அவர்கள் அனுசரிக்கும்போது ஆளும் சொல் 'இடம்பெயர்வு' அன்று, 'பலவந்த வெளியேற்றம்'.