சப்பாத்திக்கள்ளியும் செஞ்சாயமும்

மண்டபத்தூரில் கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களின் ஓரத்தில் சப்பாத்திக்கள்ளிப் புதர்களை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். சிலர் இதனை நாகதாளி என்பர். ஆங்கிலத்தில் 'முட்பேரி' எனப் பொருள்படும் பெயர் இதற்கு உண்டு. ஆயினும் பேரிக்காய் மரத்துக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. பழத்தின் உருவம் பற்றியே அப்பெயர் ஏற்பட்டது.

அண்மையில் நடைபெற்ற சங்கக் கூட்டமொன்றில் இச்செடியைக் குறித்து இரு கேள்விகள் எழுந்தன. "இதன் பழச்சாறு கையில் பட்டால் செக்கச் செவேலென ஒட்டுகிறதே, நூலுக்குச் சாயமாக உபயோகித்தால் என்ன? சங்கம் முன்பணம் தருமா?" என்றார் ஒரு நெசவாளர். "ஆடுமாடு புகாதபடி வேலியாக நடலாமா?" என்றார் ஒரு விவசாயி. இரண்டும் ஆராயத் தக்கவையே.

முதலில் செடியின் இயல்பை அறிவோம். தட்டையான பச்சைப் பட்டைகளை இலைகளென்று பலர் எண்ணுகின்றனர். அவை உண்மையில் தண்டுகளே. நீரைச் சேமித்து வைப்பதும், உணவு தயாரிப்பதும் அவற்றின் வேலை. இதன் சுவாசத் துளைகள் பகலில் மூடி இரவில் திறக்கின்றன; ஆதலால் ஈரம் வீணாவதில்லை. உவர் மணலிலும் கோடையிலும் இது வாடாதிருப்பதன் காரணம் இதுவே. பூ மஞ்சள், கனிந்த பழம் கருஞ்சிவப்பு.

இனி நெசவாளரின் கேள்விக்கு வருவோம். பழச்சாற்றில் பருத்தி நூலைத் தோய்த்து நாமே சோதித்தோம். முதல் நாள் கண்ணைப் பறித்த நிறம், சில நாள் வெயிலிலும் இரண்டு சலவையிலும் வெளிறிப் போயிற்று. பீட்ரூட் கிழங்கின் நிறத்தைச் சேர்ந்தது இது. வெப்பத்துக்கும் ஒளிக்கும் நில்லாது. இதற்கென முன்பணம் கேட்பது உசிதமன்று.

சப்பாத்தியால் கிடைக்கும் உண்மையான செஞ்சாயம் வேறு. மெக்ஸிகோ தேசத்தில் கள்ளிப் பட்டைகளில் வாழும் 'கொச்சினீல்' என்னும் பூச்சியை உலர்த்தி எடுப்பது அது. ஒரு கிலோ சாயப்பொருளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். படிகாரம் சேர்த்தால் பட்டிலும் கம்பளியிலும் அது உறுதியாகப் பற்றும். பருத்தியில் எளிதில் பற்றாது.

இத்தொழிலை நம் நாட்டில் நிலைநாட்ட முன்பே ஒருவர் முயன்றார். சென்னையில் கும்பினியாரின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795இல் பிரேஸில் நாட்டிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த ஜாதியன்று. அதே இனத்தைச் சேர்ந்த காட்டுப் பூச்சி. சாயம் தரமாயில்லை, செடிகளையோ அது தின்று அழித்தது. பெயரை மட்டும் நம்பி, பொருளைச் சோதியாமல் செலவிட்டதன் பலன் இது.

எனினும் அத்தோல்வியே பின்னர் விவசாயிகளுக்கு நன்மையாயிற்று. இது விவசாயியின் கேள்விக்கும் விடையாகும். வேலிக்கென நட்ட சப்பாத்தி, வேலியோடு நிற்பதில்லை. ஒடிந்த பட்டை விழுந்த இடத்தில் வேரூன்றும். பழம் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். இவ்வாறு தென்னிந்தியாவில் பெருநிலங்களை இது கவர்ந்துகொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து அப்பூச்சி இனத்தில் மற்றொரு வகையை வருவித்து விட்ட பிறகே இது கட்டுக்குள் அடங்கியது. இன்றும் பட்டைகளில் வெண்பஞ்சு ஒட்டியது போன்ற பூச்சி காணப்பட்டால், நசுக்கிப் பாருங்கள். சிவந்த நீர் கசியும். அதனை மருந்தடித்துக் கொல்ல வேண்டாம்.

ஆகவே விளைநிலத்தருகே புதிதாக நடுவது தகாது. முன்பே உள்ள புதரை வெட்டினால், துண்டுகளைச் சிதற விடாமல் ஓரிடத்தில் குவித்து உலர்த்தி அழிக்க வேண்டும்; வாய்க்காலில் எறிதல் கூடவே கூடாது.

உபயோகம் இல்லாமலும் இல்லை. பழத்தைத் தணலில் வாட்டிச் சுணைமுட்களைப் போக்கி, தோலை உரித்து உண்ணலாம். பட்டையின் முட்களை அவ்வாறே கருக்கி, வறட்சிக் காலத்தில் மாட்டுக்கு இடலாம். அதில் பெரும்பங்கு நீரே, புரதம் குறைவு. எனவே வைக்கோலுடன் கலந்தே தர வேண்டும். முள் கண்ணில் படாதபடி காத்துக்கொள்க.

கேள்வி எழுப்பிய இருவரும் பாராட்டுக்குரியவர்கள். புதிய தொழில் எதற்கும் சங்கப் பணத்தைக் கோருமுன், ஒரு சிட்டம் நூலிலேனும் ஒரு சிறு பாத்தியிலேனும் சோதித்துப் பார்ப்போமாக.