மூணு ரெசிஸ்டர் போதும்: ஸ்டுடியோவுக்கு ஒரு அட்டென்யூவேட்டர் பேட்

கல்ச்சுரல்ஸ் முடிஞ்சு ஆடியோ எடிட் பண்ண உட்கார்ந்தவங்களுக்கு இது பழகின தலைவலி. மேடை மிக்ஸர்ல இருந்து ஒரு கேபிள் இழுத்து, ரெக்கார்டரோட மைக் இன்புட்ல சொருகியிருப்பாங்க. அரங்கத்துல பாட்டு அருமையா கேட்டிருக்கும். ஃபைலைத் திறந்தா கொரகொரன்னு ஒரு சத்தம். "எடிட்டிங்ல வால்யூமைக் குறைச்சுக்கலாம் மச்சான்"னு யாராவது சொல்வாங்க. தாராளமா குறைக்கலாம். அதே கொரகொர மெதுவா கேட்கும், அவ்வளவுதான்.

காரணம் எளிமையானது. மைக் இன்புட்டின் முதல் ஆம்ப்ளிஃபையர் தாங்காத அளவு வோல்டேஜ் வந்தால், அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வெட்டுப்பட்ட பகுதி ஃபைலில் எங்கேயும் பதிவாகவில்லை. இல்லாததை எந்த சாஃப்ட்வேராலும் அப்படியே மீட்க முடியாது. ஃபேடர் வேலை செய்வது ஆம்ப்ளிஃபையருக்குப் பிறகு. அதனால் தடுப்பு அதற்கு முன்னாடியே இருக்கணும்.

காலேஜ் பாட்டுன்னா அடுத்த வருஷம் இன்னொண்ணு வரும். ஆனால் நம்ம காட்டாங்குளத்தூரிலேயே முத்துச்சரம் சமுதாய வானொலி இருக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி 1-ல் 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. இந்த மாதிரி நிலையங்களுக்கு அக்கம்பக்கத்து மக்களின் குரல்தான் உயிர். ஒரு பாட்டி வந்து தாலாட்டு பாடினா, "இன்னொரு டேக் போங்க பாட்டி"ன்னு கேட்கலாம். முதல் தடவை வந்த அந்தப் பாட்டு மறுபடி வரும்னு சொல்ல முடியாது. அதைக் காப்பாத்துற சாமான், சில ரூபாய்க்குக் கிடைக்கிற மூணு ரெசிஸ்டர்.

எது எவ்வளவு வோல்ட்?

ஆடியோ கருவிகள் எல்லாம் ஒரே அளவில் பேசுவதில்லை. மூன்று அளவுகளைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

மைக் லெவல்: சில மில்லிவோல்ட்.
வீட்டுக் கருவிகளின் லைன் லெவல், அதாவது மைனஸ் 10 டிபிவி: 0.316 வோல்ட்.
ஸ்டுடியோ லைன் லெவல், அதாவது பிளஸ் 4 டிபியு: 1.228 வோல்ட்.

கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 11.8 டெசிபல், கிட்டத்தட்ட 4 மடங்கு. மைக்குக்கும் ஸ்டுடியோ லைனுக்கும் இடையில் நூறு மடங்குக்கு மேலேயே போகலாம். இந்த இடைவெளியை அடைப்பதுதான் பேடின் வேலை.

அது என்ன பிளஸ் 4? அந்த எண் பிறந்ததே ஒரு ரெசிஸ்டரால்தான். 600 ஓமில் 1 மில்லிவாட் பவர் கொடுக்கும் வோல்டேஜ் 0.775. அதுதான் 0 டிபியு. அமெரிக்காவில் 1939-ல் வியூ மீட்டர் தரப்படுத்தப்பட்டபோது, மீட்டர் லைனை இழுத்துவிடக் கூடாதுன்னு அதோடு 3.6 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வெச்சாங்க. அந்த ரெசிஸ்டரில் 4 டெசிபல் போச்சு. அதனால் முள் பூஜ்யத்தைத் தொட, லைனில் பிளஸ் 4 இருக்க வேண்டியதாச்சு.

புத்தகத்து டி பேட் இங்கே ஏன் சரிவராது?

நெட்வொர்க்ஸ் பேப்பரில் டி பேடும் பை பேடும் படிச்சிருப்பீங்க. 600 ஓமுக்கு 20 டெசிபல் டி பேட் போட்டால் தொடரில் 491 ஓம் இரண்டு, நடுவில் 121 ஓம் ஒண்ணு. கணக்கு சரிதான். ஆனால் அது டெலிபோன் லைன் காலத்துக் கணக்கு. அங்கே சோர்ஸும் லோடும் இரண்டுமே 600 ஓம்.

இன்றைய மிக்ஸரின் அவுட்புட் இம்பீடன்ஸ் சுமார் 100 ஓம். லைன் இன்புட் 10 கிலோ ஓம் அல்லது அதுக்கு மேல. அந்த இரண்டுக்கும் நடுவில் மேலே சொன்ன டி பேடைப் போட்டால் 20 டெசிபல் கிடைக்காது. சுமார் 16 தான் கிடைக்கும். ஸ்டுடியோவில் நாம் மேட்ச் பண்றது வோல்டேஜ் லெவலை, இம்பீடன்ஸை அல்ல. ஆகவே முதல் வருஷத்தில் படிச்ச வோல்டேஜ் டிவைடரே போதும்.

கணக்கு

தொடர் ரெசிஸ்டர் ஆர்1, குறுக்கு ரெசிஸ்டர் ஆர்2 என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் எத்தனை மடங்கு குறையும் என்பது இரண்டின் கூட்டுத்தொகையை ஆர்2 ஆல் வகுத்தால் வரும். அந்த மடங்கின் லாகை 20 ஆல் பெருக்கினால் டெசிபல்.

ஸ்டுடியோ லைனில் இருந்து வீட்டுக் கருவிக்கு 12 டெசிபல் வேணும்னு வெச்சுக்குவோம். ஆர்1 10 கிலோ ஓம், ஆர்2 3.3 கிலோ ஓம் என்றால் பேப்பரில் 12.1 டெசிபல். அடுத்த கருவியின் இன்புட் 10 கிலோ ஓமாக இருந்தால், அது ஆர்2-வுக்கு இணையாக உட்கார்ந்து மதிப்பை 2.48 கிலோ ஓம் ஆக்கிவிடும். இப்போ 14 டெசிபல்! அதுக்குப் பதிலா 3 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் போட்டால் லோடு இல்லாமல் 12.04, லோடோடு 12.7. மிக்ஸரும் 4 கிலோ ஓமைச் சிரமமில்லாமல் ஓட்டும்.

பெரிய மதிப்புகளில் இன்னொரு தொல்லை இரைச்சல். எந்த ரெசிஸ்டரும் சும்மா இருக்கும்போதே வெப்பத்தால் இரைச்சல் போடும். அறை வெப்பநிலையில், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 200 ஓமுக்கு அது சுமார் 0.26 மைக்ரோவோல்ட். 100 கிலோ ஓமுக்குச் சுமார் 5.8. பேடுக்குப் பின்னாடி மைக் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அது இதையும் சேர்த்தே பெருக்கும்.

லைனில் இருந்து மைக்குக்கு: யூ பேட்

பேலன்ஸ்டு கேபிளில் சிக்னல் இரண்டு கம்பிகளில் போகும். ஆகவே தொடர் ரெசிஸ்டரை இரண்டாகப் பிரிக்கணும். பின் 2-ல் ஒரு 10 கிலோ ஓம், பின் 3-ல் ஒரு 10 கிலோ ஓம். ரெக்கார்டர் பக்கம் 2-க்கும் 3-க்கும் குறுக்கே 200 ஓம். பின் 1 நேராகப் போகும். 20,200-ஐ 200 ஆல் வகுத்தால் 101 மடங்கு, அதாவது 40 டெசிபல். 1.228 வோல்ட் உள்ளே போனால் சுமார் 12 மில்லிவோல்ட் வெளியே வரும். ரெக்கார்டர் திரும்பிப் பார்த்தால் அதுக்குத் தெரிவதும் சுமார் 200 ஓம்தான். சாதாரண டைனமிக் மைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும்.

செய்யும்போது கவனிக்க

பொத்தேரியில் லோக்கல் ட்ரெயின் ஏறி சிட்டிக்குள்ள போனா, அண்ணா சாலை பக்கத்துல ரிச்சி தெரு. 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட் போதும். 10 கிலோ ஓம் மட்டும் ஒரு பத்து வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, மிக நெருக்கமான இரண்டை ஜோடி சேருங்க. ஜோடி பொருந்தலைன்னா பேலன்ஸ் கெட்டு ஹம் உள்ளே வரும்.

பேடை ரெக்கார்டர் முனையில் வைங்க. அப்போ கேபிள் முழுக்க பெரிய சிக்னல் ஓடும்; வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலும் பேடில் சேர்ந்தே குறையும். மூணு ரெசிஸ்டரும் ஒரு எக்ஸ்எல்ஆர் கனெக்டர் கூட்டுக்குள்ளேயே அடங்கும். சோல்டர் பண்ண இடங்களுக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட மறக்காதீங்க.

லேப்டாப்பின் ஸ்டீரியோவை மோனோ ஆக்க, இடது வலது கம்பிகளை நேராக முறுக்கிச் சேர்க்காதீங்க. இரண்டு ஆம்ப்ளிஃபையரும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு 10 கிலோ ஓம் போட்டு, அதுக்குப் பிறகு பின் 2-ல் சேருங்க. லேப்டாப்பின் கிரவுண்ட் பின் 1-க்கும் பின் 3-க்கும் போகணும். குறுக்கே அதே 200 ஓம். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் 28 டெசிபல் குறையும்.

இன்னும் இரண்டு விஷயம். ரெக்கார்டரில் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைச்சுட்டு சொருகுங்க. இல்லைன்னா அது பேட் வழியா மிக்ஸரின் அவுட்புட்டுக்குப் போகும். பவர் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் அவுட்புட்டில் இந்தப் பேடை மாட்டவே மாட்டாதீங்க.

செய்ததும் பெயர் எழுதி ஒட்டுங்க: "லைன் டு மைக், 40 டெசிபல்". வெளியில் பார்த்தால் எல்லா எக்ஸ்எல்ஆரும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த வருஷம் அந்த டப்பாவைத் திறக்கப்போற ஜூனியருக்கு, உள்ளே என்ன இருக்குன்னு தெரியணும்ல?